தட்டில் தேறிய சொல்

பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் தமிழர்க்கு ஆங்கிலம் இருவேறு முகங்களோடு எதிர்ப்படுகின்றது. ஒன்று பள்ளியில் கற்ற ஏட்டு ஆங்கிலம். மற்றொன்று அலுவலகத்திலும் ஆலையிலும் தொலைபேசியிலும் புழங்கும் வாய் ஆங்கிலம். முன்னதில் தேர்ந்தவர்கள்கூடப் பின்னதன் எதிரில் சில வேளைகளில் திகைத்து நிற்கின்றனர். ஏட்டில் உள்ள பெருஞ்சொற்கள் அவர்களை மருட்டுவதில்லை. எளிய சொற்களே மருட்டுகின்றன. ஒரு சிறு வினைச்சொல், அதன் பின்னே 'அவுட்', 'அப்', 'ஆஃப்' போன்ற ஒரு துணுக்குச் சொல். இரண்டையும் குழந்தையும் அறியும். ஆயினும் இரண்டும் கூடி நின்றால், இரண்டிலும் இல்லாத மூன்றாம் பொருள் ஒன்று பிறந்துவிடுகின்றது.

இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. 'தட்டிக் கழித்தான்' என்கிறோம். அங்கே தட்டுதலும் இல்லை, கழித்தல் கணக்கும் இல்லை. 'கைவிட்டான்' என்கிறோம், கை எங்கும் போய்விடவில்லை. தாய்மொழியில் இவற்றை நாம் எண்ணிப் பார்த்துப் பேசுவதில்லை. அயல்மொழியில் மட்டும் ஒவ்வொன்றும் பூட்டிய பெட்டியாக நிற்கின்றது. அத்தகைய பெட்டி ஒன்றை இன்று திறந்து பார்ப்போம். 'பான் அவுட்' என்பது அதன் பெயர்.

இச்சொல்லை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வேலை தேடியும், வாணிகம் கருதியும், இடமாற்றம் பெற்றும் ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் செவியில் இச்சொல் அடிக்கடி விழுகின்றது. ஒரு நிறுவனத்திற்கு விண்ணப்பம் செய்து ஒரு மாதம் காத்திருந்த இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் தொலைபேசியில் நிலைமையைக் கேட்கிறார். மறுமுனையில், 'சாரி, தட் பொசிஷன் டிட் நாட் பான் அவுட்' என்று விடை வருகின்றது. நேர்காணலில் தாம் தோற்றுவிட்டதாக எண்ணி அவர் மனம் ஒடிகின்றார். அவரிடம் சொல்லப்பட்டதோ வேறு. அந்தப் பதவியே உருவாகவில்லை, எண்ணியபடி அது அமையவில்லை என்பதே அவ்விடையின் பொருள். பணிவோடு, 'பின்னர் வேறு இடம் ஏற்பட்டால் தெரிவிப்பீர்களா?' என்று கேட்டிருக்க வேண்டிய இடத்தில் அவர் மௌனமாகக் கருவியை வைத்துவிடுகின்றார். ஒரு சொல்லின் பொருள் தெரியாமையால் ஒரு கதவு அடைபடக்கூடும்.

அகராதியில் இச்சொல்லின் முற்பகுதியை மட்டும் தேடினால் பயன் இல்லை. 'பான்' என்பது அகன்ற, ஆழம் குறைந்த பாத்திரம். அடுக்களையில் நாம் வாணலி என்றும் தோசைக்கல் என்றும் வழங்குபவற்றின் இனம். வட மாநிலங்களில் வாழ்வோர் 'பான்' என்றதும் வெற்றிலையை நினைப்பர். அதற்கும் இதற்கும் உறவில்லை. 'அவுட்' என்பது வெளியே. 'பாத்திரம் வெளியே' என்று கூட்டினால் பொருள் கிட்டுவதில்லை. சொல்லின் பிறப்பிடத்திற்கே சென்றால்தான் அது விளங்கும்.

அதற்கு முன், இன்று அது தரும் பொருளை வரையறுத்துக்கொள்வது நலம். 'பான் அவுட்' என்பதற்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, ஒரு காரியம் இறுதியில் எவ்வாறேனும் முடிதல். 'லெட் அஸ் ஸீ ஹௌ இட் பான்ஸ் அவுட்' என்றால், 'பார்ப்போம், எப்படி முடிகின்றதென்று' என்பது கருத்து. அங்கே நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. முடிவை எதிர்நோக்குதல் மட்டுமே உண்டு. மற்றொன்று, எண்ணியபடி நன்றாக முடிதல், கைகூடுதல். 'தி பிளான் டிட் நாட் பான் அவுட்' என்றால், 'திட்டம் கைகூடவில்லை' என்பது பொருள். 'எப்படி' என்னும் வினாவோடு வந்தால் முதற்பொருளையும், எதிர்மறையாக வந்தால் இரண்டாம் பொருளையும் கொள்ளலாம். பெரும்பாலான இடங்களில் இவ்வளவே போதும்.

இனிப் பிறப்பிடத்திற்குச் செல்வோம்.

1848ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவில், அமெரிக்கன் ஆறு என்னும் ஆற்றின் தென்கிளை ஓரத்தில் கொலோமா என்னும் இடம். அங்கே ஜான் சட்டர் என்னும் நிலக்கிழாருக்காக மரம் அறுக்கும் ஆலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார் ஜேம்ஸ் மார்ஷல் என்னும் தச்சர். ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிய நீர் வெளியேறும் வாய்க்காலில் மஞ்சள் நிறத் துணுக்குகள் மின்னுவதை அவர் கண்டார். சோதித்துப் பார்த்ததில் அது பொன் என்று தெரிந்தது. செய்தியை மறைக்கச் சட்டர் முயன்றார், அது மறையவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் சாமுவேல் பிரானன் என்னும் வணிகர் சான் பிரான்சிஸ்கோ நகரத் தெருக்களில் பொடிப்பொன் அடைத்த குப்பியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு செய்தியைக் கூவித் திரிந்தார். டிசம்பர் 5ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் போல்க், காங்கிரசுக்கு விடுத்த செய்தியில் அதனை உறுதிப்படுத்தினார். 1849இல் உலகமே திரண்டு புறப்பட்டது. அவ்வாண்டில் வந்தவர்களுக்கு 'நாற்பத்தொன்பதர்' என்றே பெயர் ஏற்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தவர் தொகை ஏறத்தாழ 3,00,000 என்பர். 1848இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 1,000 பேர் வாழ்ந்த சான் பிரான்சிஸ்கோவில் 1850இல் 25,000 பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்தனர்.

வந்தவர்களில் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலைக் கண்டறியாதவர்கள். உழவர், எழுத்தர், மாலுமி, ஆசிரியர், கடைச் சிப்பந்தி என்று பல திறத்தினர். அவர்களிடம் பெரிய இயந்திரங்கள் இல்லை. மண்வெட்டி ஒன்று, கடப்பாரை ஒன்று, அகன்ற இரும்புத் தட்டு ஒன்று. இவையே அவர்களுடைய முதல். அந்தத் தட்டுக்குத்தான் 'பான்' என்று பெயர். அது அங்கே தோன்றிய கருவியும் அன்று. மெக்சிக நாட்டார் 'பத்தேயா' என்னும் மரத்தட்டால் நெடுங்காலமாகப் பொன் அரித்து வந்தனர். அமெரிக்காவின் தென்கிழக்கே ஜார்ஜியாவில் 1829ஆம் ஆண்டை ஒட்டிப் பொன் கிடைத்தபொழுது அங்கும் தட்டு வழங்கியது. அங்கே பழகிய சிலர் கலிபோர்னியாவுக்கு வந்து புதியவர்களுக்குத் தொழிலைக் கற்பித்தனர்.

அத்தட்டின் தொழிலை நம் வீட்டுப் பெண்டிர்க்கு விளக்க வேண்டுவதில்லை; அவர்கள் அதனை நெடுநாளாகச் செய்து வந்தவர்கள். கல் கலந்த அரிசியை அரிப்பது எவ்வாறு? பாத்திரத்தில் அரிசியை இட்டு, நீர் வார்த்து, வட்டமாகச் சுழற்றிச் சுழற்றி, மேலே மிதந்தெழும் அரிசியை நீரோடு மற்றொரு பாத்திரத்தில் சரிப்பார்கள். கல் கனமானதாகையால் அடியில் தங்கிவிடும். இதற்கென்றே உட்புறம் வரிவரியாக அமைந்த அரிக்கன்சட்டி என்னும் மண்பாத்திரம் சில பகுதிகளில் வழக்கில் இருந்தது. பொன் அரிப்பதும் இதே முறைதான். ஒரே ஒரு வேற்றுமை உண்டு. அடுக்களையில் அடியில் தங்குவதை எறிகின்றோம்; ஆற்றங்கரையில் அடியில் தங்குவதற்காகவே மற்ற அனைத்தையும் எறிகின்றனர்.

தொழிலாளி ஆற்றுப்படுகை மண்ணைத் தட்டு நிறைய அள்ளி, நீரோட்டத்தில் குந்தியமர்ந்து, தட்டை நீருக்குள் அமிழ்த்துவான். களிமண் கட்டிகளைக் கையால் பிசைந்து கரைப்பான். பெரிய கூழாங்கற்களைப் பொறுக்கி எறிவான். பிறகு தட்டைப் பக்கவாட்டில் ஆட்டுவான். ஆட்ட ஆட்டக் கனமானவை கீழிறங்கும், இலேசானவை மேலேறும். பின்னர்த் தட்டைச் சற்றே முன்புறம் சாய்த்து, நீரில் தோய்த்துத் தோய்த்து எடுப்பான். ஒவ்வொரு தடவையும் மேல்மணல் கொஞ்சம் விளிம்பு கடந்து வழிந்தோடும். இறுதியில் ஒரு பிடி கருமணல் மட்டும் மிஞ்சும். அதன் ஓரத்தில் மஞ்சள் கோடு ஒன்று மின்னினால் அவனுக்கு நல்ல காலம். மின்னாவிட்டால் அடுத்த தட்டு.

இதன் உட்பொருள் எடை வேற்றுமையே. ஓரளவு நீரின் எடையை 1 என்று கொண்டால், அதே அளவுள்ள வெண்படிக மணலின் எடை சுமார் 2.65, கருமணலில் உள்ள காந்தக்கல்லின் எடை சுமார் 5.2; தூய பொன்னின் எடை 19.3. மணலைவிடப் பொன் ஏழு மடங்கு கனமானது. ஆகவே நீர் நடுவராக நின்று தீர்ப்புக் கூறுகின்றது. கைத்திறன் குறைந்தால் உள்ள பொன்னும் மணலோடு போய்விடும். ஆயின் எவ்வளவு கைத்திறன் இருந்தாலும், மண்ணில் இல்லாத பொன்னை அது வரவழைத்துவிடாது. இவ்வொரு செய்தியை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கின்றது.

பொன் தேடுவோர்க்குத் தட்டு ஒரு கருவியாக மட்டும் நிற்கவில்லை, அளவையாகவும் ஆயிற்று. ஓர் இடத்தில் குழி தோண்டலாமா, கூடாரம் அடிக்கலாமா என்று முடிவு செய்யுமுன் சில தட்டு மண்ணை அரித்துப் பார்ப்பார்கள். ஒரு தட்டு மண்ணில் இத்தனை சென்டு மதிப்புள்ள பொன் என்று கணக்கிடுவார்கள். நம் உழவர் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று பேசுவது போன்றது இது. அந்தப் பேச்சில்தான் 'பான் அவுட்' பிறந்தது. முதலில் அது வெறும் தொழிற்சொல். மண்ணைத் தட்டிலிட்டுப் பொன்னை வெளிப்படுத்துதல் என்பதே அதன் பொருள். பின்னர் மண்ணையே எழுவாயாக வைத்துப் பேசலாயினர். 'இந்த மண் நன்றாகப் பான் அவுட் ஆகின்றது', 'அந்தக் கரை பான் அவுட் ஆகவில்லை' என்பன போல அவர்கள் பேச்சு அமைந்தது. 1860களின் இறுதிக்குள் இச்சொல் ஆற்றங்கரையை விட்டு ஊருக்குள் வந்துவிட்டது. பொன்னைக் கண்ணாலும் காணாதவர்கள் தங்கள் வாணிகத்தையும் வழக்கையும் பற்றி அவ்வாறே பேசத் தொடங்கினர். 'அவுட்' என்னும் துணுக்கும் அதற்கு இடம் கொடுத்தது. 'டர்ன் அவுட்', 'வொர்க் அவுட்' என்று முடிவை உணர்த்தும் பிற கூட்டு வினைகளிலும் அத்துணுக்கு நிற்கின்றதன்றோ? உள்ளே மறைந்திருந்தது இறுதியில் வெளிப்படுவதை அது குறிக்கின்றது.

இலக்கணத்தை இங்கே சற்று ஊன்றி நோக்க வேண்டும். மண்தான் 'பான் அவுட்' ஆகின்றது, மனிதன் ஆவதில்லை. பொருள் விரிந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இம்மரபு பெரிதும் மாறவில்லை. திட்டம் பான் அவுட் ஆகலாம், பேச்சுவார்த்தை ஆகலாம், வேலை ஆகலாம், பயணம் ஆகலாம். 'நான் பான் அவுட் ஆனேன்' என்று ஆங்கிலேயனோ அமெரிக்கனோ சொல்வதில்லை. 'பெயில்' என்னும் வினை ஆளைத் தொட்டு நிற்கும். 'ஹீ பெயில்டு' என்றால் தோல்வி அவனுடையது. 'இட் டிட் நாட் பான் அவுட்' என்றாலோ ஆள் விலகி நிற்கின்றான். அள்ளினோம், அரித்தோம், மண்ணில் இல்லை. குற்றம் கூறாமல் ஒரு முயற்சியின் முடிவைச் சொல்லும் நாகரிகம் இச்சொல்லில் பொதிந்திருக்கின்றது. முன்னே நாம் எண்ணிய இளைஞர் அறிய வேண்டுவதும் இதுவே.

இந்த நாகரிகம் வாய்த்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சொல்லைப் படைத்தவர்கள் யாவரும் ஊர்விட்டு வந்தவர்கள். அவர்களுள் மிகப் பலர் வெறுங்கையராய் நின்றவர்கள். முதலில் வந்தோர்க்கு ஆற்றோரப் பொன் எளிதிற் கிடைத்தது. கூட்டம் பெருகப் பெருகத் தட்டுக்குத் தேறுவது குறைந்தது. ஒரு நாள் முழுவதும் குளிர்ந்த நீரில் முழங்கால் நனையக் குந்தியிருந்து ஏறத்தாழ 50 தட்டு மண் அரித்தாலும், அன்றைய உணவுச் செலவுக்கே போதாத நாள்கள் மிகுந்தன. தட்டு மறைந்து, தொட்டில் போன்ற ஆட்டுப்பெட்டியும், நீண்ட மரவாய்க்காலும், பின்னர் மலையையே நீர்ப்பீச்சால் கரைக்கும் முறையும் வந்தன. அவற்றுக்குப் பெருமுதல் வேண்டும். தனியாளாய் வந்தவன் கூலியாளானான்.

வந்தவர்களிடையே சமநீதியும் இல்லை. மெக்சிகோ, சிலி, பெரு, சீனம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர். சீனர்கள் கலிபோர்னியாவைத் தம் மொழியில் 'பொன்மலை' என்றே அழைத்தனர். 1850இல் கலிபோர்னியச் சட்டமன்றம் அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்மீது மாதம் 20 டாலர் வரி விதித்தது. பலர் தட்டைப் போட்டுவிட்டு வெளியேறினர். எதிர்ப்பு மிகவே அடுத்த ஆண்டு அது நீக்கப்பட்டது. 1852இல் மாதம் 3 டாலராக மீண்டும் வந்தபொழுது அதன் சுமை பெரும்பாலும் சீனர் தலையிலேயே விழுந்தது. அந்நிலத்தின் பழங்குடி மக்கள் பட்ட துன்பமோ இவை அனைத்தினும் கொடியது. நோயாலும் பசியாலும் கொலையாலும் அவர்கள் தொகை இருபது ஆண்டுகளுக்குள் பெரிதும் தேய்ந்தது. ஒருவர்க்குத் தேறிய பொன்னின் அடியில் மற்றொருவரின் நிலமும் உயிரும் இருந்தன என்பதையும் மறைத்தல் ஆகாது.

பொன்னை முதலிற் கண்டவர்களுக்கே அது பயன்படவில்லை என்பது மற்றொரு வியப்பு. சட்டரின் பணியாளர்கள் அவரைக் கைவிட்டுப் பொன் தேடப் போயினர்; வந்தேறியோர் அவருடைய நிலங்களில் குடிபுகுந்தனர். இழப்பீடு வேண்டி அரசினிடம் பல்லாண்டு முறையிட்டும் பயன் காணாமல் 1880இல் அவர் மறைந்தார். மார்ஷல் 1885இல் வறியவராகவே இறந்தார். தெருவிற் கூவிய பிரானனோ பொன் அரிக்கவில்லை. அரிக்க வந்தோர்க்குத் தளவாடம் விற்றுப் பெருஞ்செல்வர் ஆனார். ஆயினும் அச்செல்வமும் நிலைக்கவில்லை. 1889இல் அவரும் வறுமையிலேயே முடிந்தார். இம்மூவர் கதையையும் ஒரே சொற்றொடரில் அடக்க வேண்டுமாயின், அவர்கள் நாட்டார் 'இட் டிட் நாட் பான் அவுட்' என்றே அடக்குவர்.

கடல் கடந்த கதை என்று இதனைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. ஜாம்ஷெட்பூரில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் நாள்தோறும் காணும் ஆற்றின் பெயர் சுவர்ணரேகை. பொற்கோடு என்பது பொருள். அவ்வாற்று மணலை மரத்தட்டில் அரித்துப் பொடிப்பொன் எடுக்கும் தொழிலை அப்பகுதியின் பழங்குடி மக்கள் வழிவழியாகச் செய்து வந்துள்ளனர். கொலோமாவில் மார்ஷல் கண்ட அதே மின்னல் அங்கேயும் தட்டின் ஓரத்தில் தோன்றும்.

கருநாடகத்தின் கோலார் தங்கவயலோ நமக்கு இன்னும் அணுக்கமானது. 1880இல் ஜான் டெய்லர் குழுமம் அங்கே தொழிலை மேற்கொண்டது முதல், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் ஆயிரம் ஆயிரமாக அங்கே குடியேறினர். ஆற்று மணலில் அன்றிக் கெட்டிப் பாறையில் பொதிந்த பொன் அது. தட்டால் அரித்து எடுக்கக்கூடியதன்று. பாறையைப் பிளந்து, இடித்துப் பொடியாக்கி, வேதிப்பொருளிட்டுப் பிரிக்க வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் நிலத்தின் கீழ் 3 கிலோமீட்டருக்கு மேலும் இறங்கியது. ஆழம் கூடக்கூட வெப்பமும் இடரும் செலவும் கூடின. ஒரு டன் பாறைக்குத் தேறும் பொன்னோ குறைந்துகொண்டே வந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே உழைத்த கைகள் சோர்ந்துவிடவில்லை, பாறைதான் சோர்ந்தது. அத்தொழிலாளரின் திறமையையோ உழைப்பையோ அம்முடிவு குறைத்துக் காட்டாது. 'பான் அவுட்' என்னும் சொல்லின் இலக்கணம் எவ்வளவு நேர்மையானது என்பதை இங்கே காண்கின்றோம்.

மேலே பலமுறை 'தேறும்', 'தேறவில்லை' என்று எழுதினோம். இச்சொல்லைத் தேடிப் பிடித்து வைக்கவில்லை. அது தானே வந்து அமைந்தது. 'பான் அவுட்' என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் அதுவே எனலாம். 'இந்த மகசூலில் எவ்வளவு தேறும்?', 'பழைய பாத்திரத்தைப் போட்டால் ஐந்நூறு ரூபாய் தேறும்', 'போய் வந்ததில் ஒன்றும் தேறவில்லை' என்று நாள்தோறும் பேசுகின்றோம். தேறுதல் என்பதன் அடிப்பொருள் தெளிதல். கலங்கிய நீர்க்குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து வைத்தால் மண் அடியில் படிந்து நீர் தேறும். மண்ணும் நீரும் பிரிந்து, வேண்டியது வேறாகத் தெரிவதுதான் தேற்றம். ஆங்கிலேயர் தட்டில் கண்டதை நாம் குடத்தில் கண்டிருக்கின்றோம்.

கொழித்தல் என்னும் சொல்லும் இவ்வினத்ததே. முறத்தில் தானியத்தை இட்டுப் பக்கவாட்டில் அசைத்து நொய்யையும் கல்லையும் பிரிப்பது கொழித்தல். அலையும் வெள்ளமும் பொருள்களை ஒதுக்கிக் கரை சேர்ப்பதும் கொழித்தல்தான். அதிலிருந்தே 'செல்வம் கொழிக்கின்றது' என்னும் வழக்கும் வந்து நிற்கின்றது. பிரித்தெடுக்கும் கைத்தொழிலைக் குறித்த சொல், வளத்தைக் குறிக்கும் சொல்லாக உயர்ந்துள்ளது. இரு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்து இதனைச் செய்யவில்லை. உழைத்து உண்ணும் மக்கள் எங்கே வாழ்ந்தாலும் தம் கைத்தொழிலிலிருந்தே வாழ்க்கைக்குச் சொல் எடுத்துக்கொள்கின்றனர்.

ஆயினும் ஒரு வேற்றுமையை மறத்தல் கூடாது. தமிழில் பொருளும் தேறும், ஆளும் தேறுவான்; தேர்வில் தேறினான், நோயிலிருந்து தேறினான் என்கிறோம். ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஆளைத் தொடாது. ஆதலின் தேர்வில் தேறிய செய்தியைச் சொல்லும்பொழுது 'பான் அவுட்' என்று சொல்லிவிடுதல் பிழையாகும்.

வழங்கும் இடம் பற்றியும் சில சொல்ல வேண்டும். இது நட்புப் பேச்சிலும், உடன் பணியாற்றுவோரிடையிலும், செய்தித்தாள் கட்டுரைகளிலும் தடையின்றி வழங்கும் சொல். மேலதிகாரிக்கு எழுதும் விண்ணப்பத்திலும், நீதிமன்ற மனுவிலும், ஒப்பந்தத்திலும் இதனைத் தவிர்ப்பதே முறை. அங்கே 'சக்சீட்', 'மெட்டீரியலைஸ்' போன்ற ஏட்டுச் சொற்களே பொருந்தும். வேட்டி கட்டிக் கல்யாணத்திற்குப் போகலாம், அதையே மடித்துக் கட்டிக்கொண்டு மணவறையில் நிற்கலாகாது என்பது போன்றதே இது. 'தி பிளான் வாஸ் பான்டு அவுட்' என்று செயப்பாட்டு வினையாக்குவதும் இவ்வழக்கிற்கு ஒவ்வாது. காரியம் தானாகவே பான் அவுட் ஆக வேண்டும். திட்டத்தை விரிவாக வகுத்தலைக் குறிக்கும் 'பிளான் அவுட்' ஒலியில் நெருங்கினும் பொருளில் வேறு.

உருவில் ஒத்து உறவில் ஒவ்வாதவை வேறு சிலவும் உண்டு. 'பிளாஷ் இன் த பான்' என்னும் தொடரைப் பொன் தட்டில் ஒரு கணம் மின்னி மறைவது என்று பலர் கருதுவர். அது துப்பாக்கியிலிருந்து வந்தது. பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியில் மருந்து வைக்கும் சிறு கிண்ணத்திற்கும் 'பான்' என்றே பெயர். அதில் மருந்து பளிச்சென்று எரிந்தும் குண்டு வெடிக்காமற் போவதையே அத்தொடர் குறித்தது. திரைப்படக்காரர் காமிராவைப் பக்கவாட்டில் திருப்புவதைப் 'பான்' என்பர்; அது 'பனோரமா' என்பதன் குறுக்கம். 'பே டர்ட்' என்னும் தொடரோ நம் சொல்லின் உடன்பிறப்பு. அரித்தால் கூலிக்குக் கட்டுபடியாகும் மண் என்று அது ஆற்றங்கரையில் பொருள்பட்டது. இன்று நெடுநாள் தேடியது கைக்குக் கிட்டுவதைக் குறிக்கின்றது.

வெளி மாநிலத்தில் வாழ்வோர் வீட்டுக்கு எழுதும் கடிதத்திலும் தொலைபேசிப் பேச்சிலும் எந்நாளும் எதிர்ப்படும் கேள்வி ஒன்று உண்டு: 'போன காரியம் என்ன ஆயிற்று?' அதற்கு விடை சொல்லும்பொழுது பலர் தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கின்றனர். 'நான் தோற்றுவிட்டேன்' என்கின்றனர். வேறு சிலர் நாணத்தால் விடையே சொல்லாமல் மாதக்கணக்கில் ஒதுங்கிவிடுகின்றனர். எட்டு நூறு கல் தொலைவில் இருக்கும் தாய் தந்தையர்க்கு அந்த மௌனம் தோல்வியினும் பெரிய துயரம். பொன் தேடிப் போன ஒரு கூட்டத்தார் தமக்கென ஆக்கிக்கொண்ட சொல்லும், நம் முன்னோர் நீர்க்குடத்திலிருந்து எடுத்துத் தந்த சொல்லும் அவர்களுக்கு ஒரு நல்ல விடையைக் கற்பிக்கின்றன. தட்டை ஒழுங்காக ஆட்டுவது நம் பொறுப்பு. அதில் சோர்வு இருந்தால் குற்றம் நம்முடையதே. மண்ணில் பொன் இருப்பதும் இல்லாததும் நம் கையில் இல்லை. ஒரு தட்டு தேறவில்லையென்றால், 'தேறவில்லை' என்று நேராகச் சொல்லிவிட்டு, அடுத்த தட்டு மண்ணை அள்ளலாம்.